பன்னிரண்டு வளைவு

போன வருடம் வரை எங்கள் வீட்டில் நாற்பத்து மூன்று கத்திகள் இருந்தன. அவற்றில் ஒன்றாலும் வெங்காயம் நறுக்க முடியாது.

பாம்பு மாதிரி வளைந்த ஜாவா குத்துவாளான கெரிஸ் மட்டும் முப்பத்தொன்று. மீதி வாள், ஈட்டி முனை, புதர் வெட்டும் கத்தி, பிறகு என்னவென்று அப்பாவுக்கே தெரியாத இரண்டு. எல்லாம் கூடத்துக் கண்ணாடி அலமாரியில் இருந்தன. அங்கே முன்பு அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகள் இருந்தன. தட்டுகள் கட்டிலுக்கு அடியில் போய்விட்டன. "சாப்பிடற தட்டுக்குக் கண்ணாடி எதுக்கு?" என்று அப்பா கேட்டார். நறுக்காத கத்திக்கு எதற்கு என்று அம்மா திருப்பிக் கேட்கவில்லை. அவளுக்கு வேறு கவலை இருந்தது.

அம்மா வெங்காயம் நறுக்கியது சந்தையில் வாங்கிய, மஞ்சள் பிளாஸ்டிக் பிடி போட்ட கத்தியால். அதை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருந்தாள். திருட்டுப் பயத்தால் அல்ல. அப்பா கண்ணில் பட்டால், "முனை சரியில்லையே, கொஞ்சம் திருத்தித் தரேன்" என்று எடுத்துப் போய்விடுவார். அப்படி ஏற்கெனவே மூன்று போயிருந்தன. ஒன்று பாதி நீளத்தில் திரும்பி வந்தது. இன்னொன்று ஒரு வாளின் வயிற்றுக்குள் மடிக்கப்பட்டுவிட்டது. மூன்றாவதைப் பற்றி வீட்டில் யாரும் கேட்பதில்லை.

அப்பாவின் பெயர் சுகியார்த்தோ. ஜாவாத் தீவின் சோலோ நகரத்தில் முப்பத்தொரு வருடம் தண்ணீர் மீட்டர் படித்தவர். ஒரு நாளைக்கு நூற்றைம்பது வீடு. வெளிச்சமில்லாத குழிக்குள் தலையை விட்டு, பாசி பிடித்த கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்து, எண்ணைப் படித்து எழுதிக்கொண்டு வருவார். இத்தனை வருடத்தில் ஒரு எண்ணைக்கூடத் தவறாகப் படித்ததில்லை என்பது அவர் பெருமை. ஓய்வு பெற்ற அன்று மேலதிகாரியும் மைக்கில் அதையே சொன்னார். இந்தத் தகவல் பிறகு தேவைப்படும் என்பதால் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

நாற்பத்தெட்டு வயதில் அவருக்கு ரத்த அழுத்தம் வந்தது. மனதுக்கு அமைதி தரும் பொழுதுபோக்கு ஒன்றைப் பழகிக்கொள்ளும்படி டாக்டர் சொன்னார். தெருவில் மற்ற ஆண்கள் புறா வளர்த்தார்கள். கூண்டை உயரமான கம்பத்தில் ஏற்றிவிட்டு, அது கூவுவதைக் கேட்டபடி காபி குடித்தார்கள். அப்பா பழுக்கக் காய்ச்சிய இரும்பைச் சுத்தியலால் அடிப்பதைத் தேர்ந்தெடுத்தார்.

பின்கட்டில் கோழிக் கூண்டு இருந்த இடம் பட்டறை ஆனது. பட்டடைக்கல்லாக ஒரு முழம் ரயில் தண்டவாளம். துருத்திக்குப் பதில் அக்கா ரத்ரியின் தலைமுடி உலர்த்தும் மெஷின். கோழிகளுக்கு மாற்று இடம் எதுவும் ஒதுக்கப்படவில்லை. அவை தாமாகவே பக்கத்து வீட்டுக்குக் குடிபெயர்ந்து, மன அமைதியுடன் அங்கே முட்டையிடத் தொடங்கின.

முதல் கத்தியைச் சூட்டோடு தண்ணீரில் முக்கியபோது 'டிங்' என்று இரண்டாகப் போனது. இரண்டாவது உடையவில்லை, வளைந்துகொண்டது. "வேணும்னுதான் வளைச்சேன்" என்றார். மூன்றாவது ஒரு வாள். யாரை வெட்ட என்று ரத்ரி கேட்டாள். வெட்ட இல்லை, வைத்துக்கொள்ள என்றார். அதை எடுத்து ஒரு முறை வீசிக் காட்டியபோது பிடி கையிலும் வாள் கொய்யா மரத்திலும் இருந்தன.

சொந்தமாகச் செய்தது போதாதென்று சேகரிக்கவும் தொடங்கினார். கெரிஸை யாரும் 'வாங்குவது' கிடையாது. அப்படிச் சொல்வது அதற்கு அவமரியாதை. பரிசம் கொடுத்து அழைத்து வருவது என்றுதான் சொல்ல வேண்டும். கொடுக்கிறவரும் 'விற்கிறேன்' என்று சொல்லமாட்டார். "இதுக்கு ஒரு நல்ல இடமாப் பாத்துக்கிட்டிருக்கேன்" என்பார், ஏதோ அத்தை பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற மாதிரி. அப்பா முதல் தடவை ஒன்றை மஞ்சள் துணியில் சுற்றி எடுத்து வந்தபோது அம்மா சாதாரணமாகக் கேட்டாள்:

"எவ்வளவுக்கு வாங்கினீங்க, பாக்?"

எங்கள் ஊரில் மதிப்புக்குரிய ஆண்கள் எல்லாரும் பாக்தான். அம்மாவுக்கு அப்பாவும் பாக், எங்களுக்கும் பாக்.

"வாங்கல. பரிசம் குடுத்து அழைச்சிட்டு வந்திருக்கேன்."

அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வயசு என்ன இருக்கும்?"

"முந்நூறு வருஷம்."

"நல்லவேளை. சின்ன வயசா இருந்தா தெருவுல தப்பாப் பேசுவாங்க."

அதற்குப் பிறகு துணிப்பொட்டலத்தோடு அப்பா வாசலில் நிற்கும்போதெல்லாம், "இது எத்தனாவது?" என்று மட்டும் கேட்பாள். முந்நூறு வருடத்துத் துரு சில சமயம் அவள் தூசி தட்டும் துணியில், நேற்றுப் பிடித்த மாதிரி, பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் ஒட்டிக்கொண்டு வரும். அதையும் அவள் சொல்லிக்காட்டியதில்லை. துணியை அப்பா கண்ணில் படும்படி கொடியில் காயப்போடுவாள், அவ்வளவுதான்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாக் விக்ஞோ வீட்டு முன்மண்டபத்தில் கெரிஸ் சங்கம் கூடும். பாக் விக்ஞோ சங்கத் தலைவர், பாத்திக் துணிக்கடை முதலாளி. வாழ்நாளில் சுவரில் ஓர் ஆணிகூட அடித்தவர் அல்ல. ஆனால் அவர் ஒரு கெரிஸை உறையிலிருந்து உருவி, நெற்றியில் ஒற்றிக்கொண்டு, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, "ஹ்ம்" என்று சொன்னால் அதுதான் தீர்ப்பு. நீளமான 'ஹ்ம்' என்றால் பழையது. குட்டையான 'ஹ்ம்' என்றால் போன மாதம் செய்து சாணத்தில் புதைத்து எடுத்தது. சுற்றி இருக்கிறவர்களும் தலையை ஆட்டிக்கொண்டு அதே நீளத்தில் 'ஹ்ம்' என்பார்கள். அப்பா கொண்டுபோகிறவற்றுக்கு, பாதி உருவும்போதே குட்டை 'ஹ்ம்' வந்துவிடும். புதிதாக யாராவது வந்தால் பாக் விக்ஞோ அப்பாவை இப்படி அறிமுகம் செய்வார்: "இவர் நம்ம தண்ணி மீட்டர். வீட்டுல கத்தி கித்தி அடிப்பார்."

அப்பா ஒன்பது வருடம் 'கத்தி கித்தி' ஆகவே இருந்தார். தான் அடித்த ஒன்றைப் பார்த்து, ஒரே ஒரு தடவை, "இதை நீங்களா பண்ணினீங்க?" என்று பாக் விக்ஞோ கேட்க வேண்டும். வேறு எதுவும் அப்பாவுக்கு வேண்டாம். இதை அவர் ஒருமுறை அம்மாவிடம் சொன்னார். "அவர் கேட்டா ரத்த அழுத்தம் குறையுமா?" என்றாள் அம்மா. குறையும் என்றார்.

இந்த நிலையில்தான் ரத்ரி ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் வாயைத் திறந்தாள்.

"பாகஸ் அவங்க வீட்டுல பேசிட்டாராம், பாக். பொண்ணு கேட்டு வரப்போறாங்க."

"எந்த பாகஸ்?"

"பாக் விக்ஞோவோட ரெண்டாவது பையன்."

அப்பா கையிலிருந்த சோயாத் தெம்பே துண்டைத் தட்டில் வைத்தார். "பாக் விக்ஞோ எனக்குச் சம்பந்தியா?"

"முதல்ல எனக்கு மாமனார்."

"அதே வீட்டுலதான் சங்கம் நடக்குது."

"அந்த வீட்டுல நான் குடித்தனமும் நடத்தணும், பாக்."

அப்பா காதில் அது விழவில்லை. பையன் என்ன வேலை பார்க்கிறான், நல்ல குணமா என்று அவர் கேட்டது மூன்று நாள் கழித்து. அதுவும் அம்மா சொல்லிக்கொடுத்த பிறகு.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாமனார் மருமகனுக்கு ஒரு கெரிஸ் கொடுக்க வேண்டும். அதற்கு 'கொண்டைப் பூட்டு' என்று பெயர். பெண்ணின் கூந்தல் முடிச்சுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை அவனிடம் தந்துவிட்ட மாதிரி. கல்யாணத்துக்கு முன்னால் அது மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும். கல்யாணத்தன்று அவன் முதுகுப் பக்கம் இடுப்பில் செருகிக்கொள்வான். சாதாரண வீடாக இருந்தால் உறையோடு வாங்கி உறையோடு செருகிவிடுவார்கள். ஆனால் பாக் விக்ஞோ வீட்டுக்குள் ஒரு கெரிஸ் போய் உருவப்படாமல் இருப்பதும், நாய் இருக்கும் வீட்டில் கருவாடு பத்திரமாக இருப்பதும் ஒன்றுதான்.

"நானே அடிச்சுக் குடுக்கப்போறேன்" என்றார் அப்பா.

ரத்ரி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கூரையைப் பார்த்தாள்.

இரண்டு மாதம் சுத்தியல் சத்தம். ரத்ரியின் புது ஹேர் டிரையரும் போயிற்று. இரும்பையும் நிக்கல் தகட்டையும் சேர்த்துக் காய்ச்சி, அடித்து, மடித்து, மறுபடி காய்ச்சி. மடிப்பு விரிந்தால் முதலிலிருந்து. நான்கு தடவை விரிந்தது. ஐந்தாவது ஒட்டிக்கொண்டது. நீளமாக நேராக ஒரு பட்டை வந்தபோது அப்பாவின் புருவத்தில் பாதி கருகியிருந்தது.

பிறகுதான் வளைவு. ஒவ்வோர் இடமாகக் காய்ச்சி, அடியிலிருந்து நுனி நோக்கி, வலது ஒன்று இடது ஒன்று என்று வளைத்துக்கொண்டு போக வேண்டும். பதினோரு வளைவு என்று முடிவு செய்திருந்தார். ஒவ்வொன்று முடிந்ததும் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு. மீட்டர் படிக்கிறவருக்கு இதைவிடச் சுலபமான வேலை உண்டா?

அன்று நான்தான் சமையலறைக்கும் பட்டறைக்கும் தூது.

"பாக், சமையல்காரர் போன்ல இருக்கார். சாப்பாட்டுப் பெட்டி எத்தனைன்னு கேக்கறார்."

"இரு, ந்தூக், இரும்பு ஆறிடும்." மகள்களை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். வளைத்தார். "நானூத்தம்பது."

போய்ச் சொன்னேன். திரும்பி வந்தேன்.

"நாற்காலி எத்தனை?"

"ஐந்நூறு."

"அப்ப அம்பது பேர் சாப்பிடாம உக்காந்திருப்பாங்களான்னு கேக்கறாங்க அம்மா."

"அம்பது பேர் சாப்பிட்டுட்டு இன்னொரு தடவை உக்காருவாங்கன்னு சொல்லு!"

இந்த உரையாடலில் எங்கோ ஒரு சாக்பீஸ் கோடு விழவில்லை. கடைசியில், நுனி கொஞ்சம் குட்டையாக இருக்கிறதே என்று மட்டும் அப்பா முணுமுணுத்தார். பிறகு அரம் போட்டார், மணல் போட்டார். அம்மாவின் மிளகாய் அரைக்கும் கல்சட்டியை எடுத்துப்போய் அதில் எலுமிச்சைச் சாற்றையும் பாஷாணத்தையும் கலந்து கத்தியைக் குளிப்பாட்டினார். அந்தக் கல்சட்டி திரும்ப அடுப்பங்கரைக்கு வரவில்லை என்பதை வாசகர்களின் நிம்மதிக்காகச் சொல்கிறேன்.

பாஷாணம் பட்டதும் இரும்பு கறுத்தது. நிக்கல் மட்டும் வெள்ளையாக மேலே வந்தது. கறுப்புத் தரையில் யாரோ ஒரு பிடி அரிசியைச் சிந்திவிட்ட மாதிரி, அடியிலிருந்து நுனி வரை. 'சிந்திய அரிசி' என்றே அந்த வேலைப்பாட்டுக்குப் பெயர். அலமாரியில் இருந்த நாற்பத்து மூன்றில் எதிலும் அப்படி ஒன்று இல்லை. நான் அப்பாவின் பொழுதுபோக்கைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லிப் பழக்கமில்லாதவள். அன்று கிட்டே போய் இரண்டு தடவை பார்த்தேன். ரத்ரிகூட, "பாக்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருந்தது. கெரிஸுக்கு எண்ணெய் பூசித் துடைக்கும் வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள். கூடத்தில் உட்கார்ந்து, சந்தையில் காராமணிக் கட்டை எண்ணுகிற மாதிரி விரலால் தடவிக்கொண்டே போனாள்.

"பாக், இதுல எத்தனை வளைவுன்னு சொன்னீங்க?"

"பதினொண்ணு."

"அப்ப நான்தான் ஏதோ ஒண்ணை ரெண்டு தடவை எண்ணிட்டேன் போல."

அப்பா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். பிறகு எழுந்து வந்து தீக்குச்சி வைத்து எண்ணினார். அடியிலிருந்து எண்ணினார். நுனியிலிருந்து எண்ணினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணினார். முப்பத்தொரு வருடம் ஒரு எண்ணைத் தப்பாகப் படிக்காதவர். எப்படிப் படித்தாலும் பன்னிரண்டு.

இரட்டைப்படையில் வளைவு உள்ள கெரிஸ் தப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. அப்படி ஒன்று கிடையாது, அவ்வளவுதான். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்றுதான் போகும். பன்னிரண்டு வளைவு என்பது எட்டாவது கிழமை மாதிரி. கல்யாணத்துக்கு அதைக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பது பாக் விக்ஞோவின் மனைவியைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். வாசலில் பல்லி தவறான பக்கத்திலிருந்து சத்தம் போட்டதற்காக அந்த அம்மாள் மூத்த மகனின் கல்யாணத்தை நாற்பது நாள் தள்ளிவைத்தவர்.

"நாப்பத்து மூணு வெச்சிருக்கீங்கல்ல?" என்றாள் ரத்ரி. அலமாரிப் பக்கம் கையை நீட்டினாள். "அதுல ஒண்ணைக் குடுத்துடலாம்."

"அதையெல்லாம் பாக் விக்ஞோ பாத்திருக்கார்."

"பாத்துட்டு?"

"'ஹ்ம்'னார்."

"எவ்வளவு நீளத்துக்கு?"

அப்பா தீக்குச்சிகளைப் பெட்டிக்குள் திரும்ப அடுக்கினார்.

"நுனியை வெட்டிட்டா பதினொண்ணு ஆயிடாதா?" என்றேன் நான்.

"நுனி வெட்டின கெரிஸை மாப்பிள்ளைக்குக் குடுத்தா அதுக்குச் சீர்னு பேரு இல்ல, சாபம்னு பேரு."

"கடையில ஒண்ணை வாங்கிடுங்க" என்றாள் ரத்ரி.

"பரிசம் குடுத்து" என்று அம்மா திருத்தினாள்.

யாரும் சிரிக்கவில்லை. அப்பா அந்தச் சிந்திய அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ரத்ரிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு வழி சொன்னாள். மருந்துக்கடையில் வேலை செய்கிறவள், மனிதர்கள் எதைப் படிப்பதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"இதையே குடுங்க. யாரும் எண்ண மாட்டாங்க. அடிச்ச நீங்களே இருபது நாளா எண்ணல. பதினொண்ணுன்னு சொன்னா பதினொண்ணுதான். நீங்க மட்டும் வாயைத் திறக்காம இருந்தாப் போதும்."

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் மாப்பிள்ளை வீட்டுக்குச் சீரோடு போனோம். மணப்பெண் வெளியே வரக்கூடாது என்பதால் ரத்ரி வரவில்லை. என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள்: "அவர் வாயைத் திறந்தா நீ இருமு."

அதே முன்மண்டபம். மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரர்கள் இருபது பேர், அவர்களில் பாதி சங்கத்துக்காரர்கள். இனிப்பான டீயும் பசையரிசிப் பொட்டலமும் வந்தன. மாப்பிள்ளை பாகஸ் ஓரத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். சேலை, துணி, பழத்தட்டு எல்லாவற்றையும் அவன் அம்மா தொட்டுப் பார்த்து வாங்கினார். கெரிஸை அப்பா இரண்டு கையாலும் நீட்டினார். பாக் விக்ஞோ வாங்கினார். அப்பா வீட்டுக் கெரிஸ் என்பதால் உதட்டில் குட்டை 'ஹ்ம்' தயாராகவே இருந்தது. உருவினார்.

'ஹ்ம்' வரவில்லை.

நெற்றியில் ஒற்றிக்கொண்டார். வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். ஒற்றைக் கண்ணை மூடினார். பிறகு வந்தது, அந்த மண்டபத்தில் யாரும் கேட்டிராத நீளத்தில் ஒரு "ஹ்ம்ம்ம்ம்". சங்கத்துக்காரர்கள் மூச்சை இழுத்து அவரவர் பங்கைச் சேர்த்தார்கள்.

"சிந்திய அரிசி" என்றார் பாக் விக்ஞோ. "பதினொரு வளைவு. மாத்தராம் ராஜா காலத்து வேலை, சந்தேகமே இல்ல. இந்தக் காலத்துல இப்படி ஒரு கை கிடையாது. பாக் சுகியார்த்தோ, இத்தனை நாள் இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க? யார் வீட்டுலேர்ந்து வந்தது?"

ரத்ரி சொன்னது அப்படியே நடந்துவிட்டது. யாரும் எண்ணவில்லை. அப்பா தலையை ஆட்டினால் போதும். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை நடந்துவிடும்.

அப்பா தலையை ஆட்டவில்லை. வாயைத் திறந்தார். நான் இருமினேன்.

"இது பழசு இல்ல, பாக்" என்றார் அப்பா.

பலமாக இருமினேன். யாரோ என் கையில் டீயைத் திணித்தார்கள்.

"நான் அடிச்சது."

பாக் விக்ஞோ சிரித்தார். மண்டபமே சிரித்தது. "நம்ம மீட்டருக்குத் தமாஷ் ஜாஸ்தி."

"கோழிக் கூண்டுல அடிச்சேன், பாக்."

"சம்பந்தி, ஒரு கெரிஸை நெருப்புல விட்டவன் எவன்னு எனக்குப் பாத்தாலே தெரியும். இது முந்நூத்தம்பது வருஷம். நாப்பது வருஷமா பாத்துக்கிட்டிருக்கேன்."

அம்மா அப்பாவின் முழங்கையைத் தொட்டாள். அவள் கிசுகிசுத்தது எனக்கு மட்டும் கேட்டது: "ரத்ரி, பாக். ரத்ரி." நான் மூன்றாவது தடவை இருமினேன். இந்தத் தடவை பாகஸே போனிலிருந்து நிமிர்ந்து பார்த்தான்.

அப்பாவும் ரத்ரியை நினைத்திருப்பார். இரண்டு மாதம் அடித்ததையும் நினைத்திருப்பார். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அவர் வேலையை ஒருவர் புகழ்கிறார், அந்தப் புகழும் வேறு யாரோ செத்துப்போனவருக்குப் போகிறது. தான் செய்தது என்று நிரூபிக்க அவரிடம் ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது. அது அவர் செய்த தப்பு.

"எண்ணிப் பாருங்க, பாக்" என்றார்.

"எதை?"

"வளைவை. மாத்தராம் காலத்துக் கொல்லன் எவனும் இந்தத் தப்பைப் பண்ணியிருக்க மாட்டான்."

பாக் விக்ஞோ எண்ணினார். உதடு அசைந்தது. நுனிக்கு வந்ததும் விரல் நின்றது. மறுபடி அடிக்குப் போனது. சங்கத்துக்காரர்கள் பொட்டலத்து வாழையிலையைப் பாதி பிரித்தபடியே கழுத்தை நீட்டினார்கள். அவர் மனைவி, "என்னங்க, எத்தனை?" என்று கேட்டார். பல்லிச் சத்தத்துக்கு நாற்பது நாள் வைத்த அதே குரல்.

பாக் விக்ஞோவின் நிலைமையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பாவமாக இருக்கிறது. பன்னிரண்டு என்றால், சற்றுமுன் எல்லார் முன்னாலும் பதினொன்று என்றாரே, அது போகும். மாத்தராமும் போகும். நாற்பது வருடமும் போகும். அவர் கெரிஸை மெல்ல உறையில் போட்டார். பிறகு வெளியே எடுத்தார். தொண்டையைச் செருமினார்.

"பதினொண்ணு" என்றார்.

"பன்னெண்டு, பாக்" என்றார் அப்பா. நேர்மை ஒரு தடவை கிளம்பிவிட்டால் அவருக்கு நிறுத்தத் தெரியாது.

"முதல் வளைவு கணக்குல வராது. அது அடிப்பக்கத்தோட சேர்ந்தது. சோலோவோட பழைய முறை. இப்ப இருக்கறவங்களுக்குத் தெரியாது."

"எவ்வளவு பழசு, பாக்?" என்று ஒரு சங்கத்துக்காரர் பணிவாகக் கேட்டார்.

"ரொம்பப் பழசு."

"ஆமாம், கேள்விப்பட்டிருக்கேன்" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் அவருடைய தாத்தா அப்படித்தான் எண்ணுவார் என்று சொன்னார். ஒரு நிமிடத்துக்குள் அந்த முறை எல்லாருடைய தாத்தாவுக்கும் தெரிந்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா மூச்சை விட்டு, டீயை எடுத்து, இலைப்பொட்டலத்தை எங்கள் பக்கம் தள்ளினார். கல்யாணம் பிழைத்தது.

பிறகு பாக் விக்ஞோ அப்பா பக்கம் குனிந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. கடை பில்லில் தப்புப் போட்ட கணக்குப்பிள்ளையிடம் கேட்கிற மாதிரி, பல்லைக் கடித்துக்கொண்டு, மிகவும் மெதுவாகக் கேட்டார்:

"இதை நீங்களா பண்ணினீங்க?"

ஒன்பது வருடம் காத்திருந்த கேள்வி. எதிர்பார்த்த தொனியில் வரவில்லைதான். அப்பா அதைப் பொருட்படுத்தவில்லை.

"ஆமா, பாக்" என்றார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்கச் சகிக்காமல் பாக் விக்ஞோ எழுந்து உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ரத்ரி என்னைக் கேட்டாள்: "இருமினியா?"

"மூணு தடவை."

"அப்புறம்?"

"டீ குடுத்தாங்க."

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் நடந்தது. பாகஸ் அந்தக் கெரிஸை முதுகில் செருகிக்கொண்டு நாள் முழுக்க நிமிர்ந்தே நின்றான், குனிந்தால் குத்தும் என்று. ஐம்பது பேர் சாப்பிடாமல் உட்காரவுமில்லை, இரண்டு தடவை உட்காரவுமில்லை. பெட்டி மீந்துபோனது.

அடுத்த சுரோ மாதத்தில், எல்லாரும் தங்கள் கெரிஸ்களைக் குளிப்பாட்டும் சமயத்தில், சங்கத்துக்காரர்கள் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பாக் விக்ஞோவின் மகனுக்கு அப்பா கொடுத்த மாதிரியே ஒன்று வேண்டுமாம். "அந்தப் பழைய முறையில" என்று இருவரும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். அப்பா சரி என்றார். இப்போது அவர் பன்னிரண்டு வளைவு வேண்டுமென்றே வைக்கிறார். அதைப் பதினொன்று என்று எல்லாரும் எண்ணுகிறார்கள். ரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது. டாக்டருக்குக் காரணம் புரியவில்லை.

சங்கத்தில் பாக் விக்ஞோ இன்னமும் அவரைத் தண்ணீர் மீட்டர் என்றுதான் அறிமுகம் செய்கிறார். ஆனால் 'கத்தி கித்தி' என்று சொல்வதில்லை. அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, "ஹ்ம்" என்கிறார். நடுத்தர நீளம்.

வளைவு போடும் நாளில் சுவரில் சாக்பீஸ் கோடு இல்லை. கவிழ்த்த வாளியின் மேல் அம்மா உட்கார்ந்து, வெங்காயம் உரித்துக்கொண்டே சத்தமாக எண்ணுகிறாள். சும்மா எண்ண முடியாது, வெங்காயம் நறுக்குகிற மாதிரி ஒரு கத்தி அடித்துத் தந்தால்தான் என்று கூலி கேட்டாள். அப்பா ஒப்புக்கொண்டு ஒரு வாரத்தில் அடித்தும் கொடுத்தார். நேரான கத்தி, புளியங்கட்டைப் பிடி. உண்மையாகவே வெட்டியது. வெங்காயம் தான் நறுக்கப்பட்டது தெரியாமல் உருண்டையாகவே உட்கார்ந்திருந்தது. அம்மா இரண்டு நாள் ஆனந்தமாகச் சமைத்தாள்.

மூன்றாம் நாள் ரத்ரியை எங்கள் வீட்டில் விட வந்த இடத்தில் பாக் விக்ஞோ சமையலறைக்குள் தலையை நீட்டி அதைப் பார்த்து, "ஹ்ம்" என்றுவிட்டார். கொஞ்சம் நீளமாக.

அன்று மாலையே அது கண்ணாடி அலமாரிக்குப் போய்விட்டது, நாற்பத்து நான்காவதாக. அம்மா அரிசி டின்னுக்குள் கையை விட்டு மஞ்சள் பிடியைத் துழாவி எடுத்தாள்.